ஒரு கையால் திறக்கும் கத்தி

ஜூன் 4

இன்று மனைவிக்குத் தலை பின்னிவிடுவதில் கொஞ்சம் தேறினேன். மூன்று தோல் வார்களைப் பின்னிப் பைக்குக் கைப்பிடி போடுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தலைமுடிக்கும் அதே கணக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் தோல் வார் நழுவாது. இழுத்தால் வலிக்கிறது என்றும் சொல்லாது.

இவளும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சீப்பு லேசாகச் சிக்கினாலே, "அது கையா, இடுக்கியா?" என்று மகளை வறுத்தெடுத்தவள். இன்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, "போதுங்க, நல்லா இருக்கு" என்றாள். பின்னல் கோணல். எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

இவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு கால் சரியாகிவிட்டது, பேச்சும் சரியாகிவிட்டது. இடது கை மட்டும் இன்னும் வரவில்லை. விரல்கள் மடங்குகின்றன, எதையும் பிடிப்பதில்லை. மருத்துவர் பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமையாகத்தான் இருக்கிறாள். இவ்வளவு பொறுமையாக இவளை நான் பார்த்ததே இல்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 7

தோல் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னலோரம் நின்றிருந்தாள். கையில் அவளுடைய ஒட்டுக்கத்தி. அவள் வேலை பார்த்த நர்சரியில் ரோஜாச் செடிகளுக்கு மொட்டு ஒட்டுவதற்காக இத்தனை வருடமாக வைத்திருந்தது. மடக்குக் கத்தி. அலகில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும், அதில் நகத்தை வைத்து இழுத்தால்தான் திறக்கும். ஒரு கை பிடிக்க வேண்டும், மறு கை இழுக்க வேண்டும்.

பிடியை வலது கையில் வைத்துக்கொண்டு, அலகைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சத்தமில்லாமல் வாசலுக்குத் திரும்பினேன். செருப்பைத் தரையில் தட்டி, ஒரு இருமலும் இருமி, மறுபடி உள்ளே வந்தேன். அதற்குள் கத்தியைக் காணோம். "சீக்கிரமே வந்துட்டீங்களே" என்றாள். கீழ் உதட்டில் ஒரு கீறல்.

ஜூன் 8

ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பது?

ஜூன் 11

அந்தக் கத்தியை நர்சரியில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டாளாம். "சும்மாதானே கெடக்குது, யாராவது உபயோகிக்கட்டும்" என்றாள். செத்துப்போனவர்களின் சாமானைப் பிரித்துக் கொடுப்பது போல இருந்தது எனக்கு. அடி பாவி, நீ இருக்கிறாய், கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாய்!

பட்டறையில் என் பக்கத்து மேஜைக்காரனிடம் சொன்னேன். தோலுக்குப் பசை தடவும் வேலை அவனுக்கு, பேரே பசை என்றாகிவிட்டது. ஒரு கையால் திறக்கிற கத்தி இருக்கிறது, நல்ல கருவிக் கடையில் கேட்டுப் பார் என்றான். கூடவே, "பொண்டாட்டி கையில கத்திய வாங்கிக் குடுக்கிற முதல் புருஷன் நீதான்யா" என்றான். பட்டறையே சிரித்தது.

ஜூன் 14

கடைக்குள் நுழையும் முன்பே இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். என்ன ஆனாலும் வெளியே எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு. கடைக்காரர் எடுத்து வைத்த கத்திகளை எல்லாம் வலது கையால் மட்டும் திறந்து பார்த்தேன். முதல் கத்தி திறக்கவே இல்லை. இரண்டாவது கத்தி கை நழுவிக் கீழே விழுந்தது.

கடைக்காரர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்தக் கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லன்னா வெளிய எடுங்களேன்."

எடுத்துக் காட்டினேன். விஷயத்தையும் சொன்னேன். மனிதர் உடனே தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். ஆளுக்கொரு கையை ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு ஆண்பிள்ளைகள் கத்தியோடு நிற்பதைப் பார்த்து, உள்ளே வந்த ஒரு அம்மாள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அவர் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும், துளியும் ஆடக் கூடாது. மூடினால் அலகு நட்டநடுவில் உட்கார வேண்டும், பிடியின் உள்பக்கம் எங்கும் உரசக் கூடாது. திறந்ததும் பூட்டு 'டக்' என்று விழ வேண்டும். கட்டைவிரலால் தள்ள அலகில் ஒரு குமிழ் இருக்க வேண்டும். பிடி ஈரக் கையிலும் நழுவக் கூடாது. "திறக்கிறது பெரிசில்லைங்க. மூடுறப்பதான் விரல் போகும். பூட்டக் கட்டைவிரலால விலக்கிட்டு, விரல எடுத்துட்டு, கத்தி முதுகத் தொடையில வச்சு அமுக்கச் சொல்லுங்க." செய்து பார்த்தேன். வந்தது!

எஃகில் இரண்டு வகை காட்டினார். ஒன்று சுலபத்தில் துருப் பிடிக்காது. இன்னொன்று கார்பன் எஃகு. முடியைக்கூடப் பிளக்கும், ஆனால் ஈரத்தோடு வைத்தால் மறுநாளே சிவந்துவிடும். வெட்டு சுத்தமாக விழாமல் பட்டை நசுங்கினால் மொட்டு பிடிக்காது என்று இவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கார்பனையே எடுத்தேன்.

"துடைக்கணும், எண்ணெய் போடணும். கவனமா பாத்துக்குவீங்களா?" என்றார்.

"தோல் வேலைக்காரன்யா நான். கத்தியோடயே குடும்பம் நடத்துறவன்" என்றேன். பெருமை பிடிபடவில்லை.

ஜூன் 15

கொடுத்தேன். எப்படித் திறப்பது என்று காட்டினேன். வாங்கி, பிடியைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள். மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டாள். பின்னலுக்குச் சொன்ன அதே 'நல்லா இருக்கு'.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மாவுக்குக் கத்தியா? அப்பா, வேற ஏதும் கிடைக்கலையா உங்களுக்கு?" பக்கத்தில் இருந்த இவளும் கேட்டால் சிரிப்பாள் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 23

கத்தியைத் தொடவே இல்லை. நானாக எடுத்து, பட்டறையில் ஒளித்து ஒளித்து ஒரு உறை தைத்தேன். கன்றுத்தோல், தேன் நிறம், இரட்டைத் தையல். கத்தி உள்ளே போனால் காற்றுகூடப் புகாது, அவ்வளவு அளவாக. மேலே மடிப்பு, அதற்கு ஒரு பித்தளைப் பட்டன். என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல தையல் போட்டதில்லை என்று பசையே ஒப்புக்கொண்டான். அவன் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை.

வீட்டில் கத்திக்குத் தாராளமாக எண்ணெய் பூசி, உறையில் போட்டு, இழுப்பறையில் வைத்தேன். அவளிடம் காட்டினேன். "எதுக்குங்க இவ்வளவு கஷ்டப்பட்டீங்க" என்றாள்.

நீ எடுத்துப் பார்ப்பாய் என்றுதான்.

ஜூலை 2

மழை. துணி காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கட்டிக்கொண்டுவிட்டது. இழுப்பறை மூடியபடியே இருக்கிறது.

ஜூலை 13

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நர்சரி முதலாளியம்மா வந்தார். சொட்டும் குடையை வாசலில் சாத்திவிட்டு உட்கார்ந்தவர், சுற்றி வளைக்காமல் கேட்டார். "மழை விட்டதும் ஒட்டு வேலை ஆரம்பிக்கணும். நீ வருவியா மாட்டியான்னு தெரியணும். இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும். தப்பா நெனக்காத."

இவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "வேற ஆளே பாத்துக்கோங்கம்மா" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் முடியாது? ஒரு கையாலயே திறக்கிற கத்தி வாங்கி வச்சிருக்கேன், பாருங்க!" என்று இழுப்பறையைத் திறந்து, உறையின் பட்டனைக் கழற்றி, கத்தியை உருவி, குமிழைக் கட்டைவிரலால் தள்ளினேன். நகரவில்லை. அழுத்தித் தள்ளினேன். பிசுபிசுவென்று பாதி வரை வந்து நின்றுவிட்டது. இழுத்துத் திறந்து பார்த்தால் அலகெல்லாம் பழுப்புப் புள்ளி, முனையில் சிவப்புத் தூள்.

துரு. புத்தம்புதுக் கத்தியில். முதலாளியம்மா கூரையை ஆராய்ந்தார்.

இவள் எழுந்து வந்து கத்தியை என் கையிலிருந்து வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள்.

"என்ன எண்ணெய் பூசினீங்க?"

"சமையல் எண்ணெய்தான்..."

"ஏன், தாளிக்கப் போறீங்களா? அது பிசுக்காகி ஒட்டிக்கும்னு தெரியாது? தையல் மெஷினுக்கு இதத்தான் ஊத்துறீங்களா?" உறையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுக்குள்ளயா போட்டு வச்சீங்க? மழைக்காலத்துல? தோல் ஈரத்தக் குடிக்கும், தரையில வைக்காதே, சுவத்துல சாத்தாதேன்னு பட்டறைக்கு வர்ற ஒவ்வொரு புது ஆளுக்கும் பாடம் எடுக்கிறது யாரு? எனக்கே எத்தனை தடவ சொல்லியிருப்பீங்க! காத்தே புகாம தச்சேன்னு பெருமை வேற. உள்ள போன ஈரம் எப்படிங்க வெளிய வரும்? நர்சரியில எவளாவது கத்திய உறையில போட்டு வைப்பாளா? துடைச்சு, காயவிட்டு, சும்மா தட்டுல வைப்போம். கேட்டிருக்கலாம்ல? வாயத் திறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நிறுத்தவே இல்லை. உண்மைதான், அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பட்டறையில் என் கத்தி நாளெல்லாம் திறந்தபடி மேஜையில் கிடக்கிறது, ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால் துரு என்பதை நான் பார்த்ததே இல்லை. தோலைத் தெரிந்த அளவுக்குக் கத்தியைத் தெரியவில்லை.

எத்தனை மாதமாயிற்று இப்படித் திட்டு வாங்கி! கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்ப எதுக்கு அழறீங்க? துருதானே, எடுத்துடலாம்" என்றாள். துருவுக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளட்டும்.

முதலாளியம்மா போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "மழை விடுற வரைக்கும் நான் யாரையும் பாக்கல."

ஜூலை 14

கம்பிநாரை எடுத்தேன். "வேணாம், கீறிடும்" என்றாள். பட்டறையிலிருந்து தோல் துண்டும், கத்திக்குப் பளபளப்பு ஏற்றும் பசையும், மெஷின் எண்ணெயும் கொண்டுவரச் சொன்னாள். சொன்னாள்! இன்னது வேண்டும் என்று வாய்விட்டு என்னிடம் கேட்டாள்.

பிடியை நான் மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் தோல் துண்டால் அலகின் முதுகிலிருந்து கூர்வாய்ப் பக்கமாகத் தேய்த்தாள், எதிர்ப்பக்கம் ஒருபோதும் வரக் கூடாதாம். முதலில் சிவப்பு போனது, பிறகு பழுப்பு. பிசுக்கைத் துடைத்து, அலகு மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, திறந்து மூடித் திறந்து மூடி ஓடவிட்டாள். கட்டைவிரல் ஒன்றால். 'டக்.' அந்தச் சத்தம் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று கருப்புப் புள்ளிகள் போகவே இல்லை. இன்னும் தேய்க்கலாமா என்றேன். "அது இருக்கட்டும். மேல பரவாம பாத்துக்கிட்டாப் போதும்."

உறையில் இப்போது என் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. துருப் பிடிக்காது.

ஜூலை 20

சீவிப் பழகுவதற்காகத் தெருவில் வெட்டிப் போட்ட குச்சிகளைப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறாள். கத்தி சரியாகத்தான் திறக்கிறது. ஆனால் சீவுவதற்குக் குச்சியை யார் பிடிப்பது? தட்டில் வைத்தால் உருள்கிறது, காலால் மிதித்தால் நழுவுகிறது. நான் பிடிக்கிறேன் என்றேன். "நர்சரிக்கும் கூட வந்து பிடிப்பீங்களா?" என்றாள். நான் என் வேலைக்குத் திரும்பினேன். ஒரு பையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். தோலை மரக்கவ்வியில் கடிக்கவிட்டு, கவ்வியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டால் இரண்டு கையும் ஊசிக்குக் கிடைக்கும், அப்படித்தான் தைப்போம்.

தையலைப் பார்க்கவில்லை, கவ்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதக் கொஞ்சம் குடுங்களேன்."

வேலையைப் பாதியில் பிடுங்கிக்கொண்டாள். முழங்கால்களுக்கு நடுவில் கவ்வி, கவ்வியின் வாயில் குச்சி, வலது கையில் கத்தி. சீவல் முதலில் தடிமனாக வந்தது. விளக்குப் போடும் நேரத்துக்கு வெங்காயத்தோல் மாதிரி வந்தது. என் பை பாதியில் கிடந்தது, கிடக்கட்டும்.

ஜூலை 27

மாட்டிக்கொண்டேன்.

செடிப்பால் பட்ட கத்தியை அப்படியே விட்டால் கறுத்துத் துருப் பிடிக்கும். முதலில் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, கொஞ்சம் காற்றாட வைத்து, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். இவள் துணியை மடித்துத் தொடையில் விரித்து, அலகைப் படுக்க வைத்து இழுத்துத் துடைக்கிறாள். ஒரு கையால் எவ்வளவுதான் முடியும்? மடங்கும் இடத்தில் கொஞ்சம் ஈரம் நின்றுவிடும் என்று எனக்குப் பயம். அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் எடுத்து மறுபடி துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று கண்டுபிடித்துவிட்டாள். "நான் பூசினா எண்ணெய் இவ்வளவு சமமா இருக்காது. யார் தொட்டது?"

நான்தான், ஒரு உதவிக்கு, என்றேன்.

"இனிமே என் கத்திய நீங்க தொடாதீங்க." கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

ஜூலை 28

வலிக்குது. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? துடைச்சது ஒரு குத்தமா? துருப் பிடிச்சா திட்டு, துருப் பிடிக்காம பாத்துக்கிட்டாலும் திட்டு. தலை பின்னிவிடலாம், பொத்தான் போட்டுவிடலாம், சாப்பாட்டப் பிசைஞ்சு குடுக்கலாம், அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல. கத்திய மட்டும் தொடக் கூடாதாம்.

(மாலை.) ஒன்றும் சொல்வதில்லை. ஆமாம். அதற்கெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை என்றுதானே நான் பயந்துகொண்டிருந்தேன்? பக்கவாதத்துக்குப் பிறகு அவள் 'என்' என்று சொன்ன முதல் பொருள் இந்தக் கத்தி.

தொட மாட்டேன்.

ஆகஸ்ட் 3

கத்தி ஜன்னலோரத் தட்டில் திறந்து கிடக்கிறது. மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு. நன்றாகத் தெரிகிறது. கை பரபரக்கிறது. சொல்லலாமா? சொன்னால் வேவு பார்த்தது போல ஆகும். சொல்லாவிட்டால் பரவும். நாலு தடவை அந்தப் பக்கம் போய்வந்தேன். ஜன்னலுக்கு வெளியே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டாள். வானம் வெளுக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 4

அவளே பார்த்துவிட்டாள். "அட, இங்க ஒண்ணு ஒளிஞ்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்து நோண்டி எடுத்தாள். துணியைத் தொடையில் விரிப்பதை விட்டுவிட்டு, கவ்வியிலேயே கடிக்கவிட்டு அலகை அதில் இழுக்கிறாள். மூலை முடுக்கெல்லாம் போகிறது. எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

நான் செய்தித்தாளில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 10

முதலாளியம்மா காட்டுரோஜாத் தொட்டிகளும் நல்ல ரோஜாக் குச்சிகளும் கொடுத்தனுப்பினார். இவளாகவே கேட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

பின்கட்டில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டாள். காட்டுரோஜாத் தண்டின் பட்டையில் ஒரு கீறல் நெடுக்கே, ஒன்று குறுக்கே. கத்தி முனையால் பட்டையை இருபுறமும் நெம்பி, கவ்வியில் இருக்கும் குச்சியிலிருந்து மொட்டைச் சீவி எடுத்து, பட்டைக்குள் நுழைத்தாள். பிறகு நாடாவைச் சுற்ற வேண்டும். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றினாள். அடுத்ததில் நழுவியது. மறுபடி சுற்றினாள். மறுபடி நழுவியது. இரண்டு கையையும் என் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"என்னங்க."

"ம்."

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க. இங்க வந்து இந்த முனையப் புடிங்களேன்."

போய்ப் பிடித்தேன். அவள் சுற்றினாள். "இறுக்காதீங்க... இப்ப இறுக்குங்க... போதும், விடுங்க." ஒன்றுக்கு மட்டும்தான் பிடித்தேன். மற்றதையெல்லாம் அவளே முடித்தாள். தண்டைச் சுற்றி முள் இருந்ததில் என் விரல் கிழிந்தது. சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

ஆகஸ்ட் 31

நாடாவை அவிழ்த்தாள். இரண்டு மொட்டு கறுத்துவிட்டன. மற்றதெல்லாம் பச்சை. நகத்தால் லேசாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கறுத்ததில் ஒன்று நான் முனை பிடித்தது.

"உங்க கை ராசி அப்படி" என்றாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு மூடாமலும் சிரித்தாள்.

உள்ளே போய் முதலாளியம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, நான் வர்றேன். வேகம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், முன்ன மாதிரி எதிர்பாக்காதீங்க." அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றாள்.

செப்டம்பர் 7

இன்று வேலைக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "பட்டறையில உங்களுக்கு வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பட்டறையில் ஒரே தையலை மூன்று தடவை பிரித்தேன். பசை பார்த்துப் பார்த்து, "போய்யா, போய்த் தொலை" என்று மத்தியானத்துக்கு மேல் துரத்திவிட்டான். வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால்? படியில் ஏறும்போது எந்தக் கையால் பிடிப்பாள்? ஒரு பேருந்து வந்தது, இவள் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை.

அடுத்ததில் இறங்கினாள். கூட நர்சரிப் பெண்கள் மூன்று பேர். ஆடையெல்லாம் மண். வலது கையை வீசி வீசி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், யாரையோ நடித்துக் காட்டுவது போல இருந்தது. மற்றவர்கள் நடுத்தெரு என்றும் பாராமல் நின்று சிரித்தார்கள். ஒருத்தி இவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் பழக்கடைத் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். போய் நின்றால் அந்தப் பேச்சு நின்றுவிடும். பின் சந்து வழியாக, இந்த வயதில், ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பையை எடுத்து மடியில் போட்டு, ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெகு நேரமாக நகராதவன் போல உட்கார்ந்தேன்.

உள்ளே வந்ததும், "ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றாள்.

"தடிமனான தோல். குத்துறது கஷ்டமா இருக்கு."

"ஊசியில நூலே கோக்கலையே" என்றாள்.

கைகால் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, புது மேற்பார்வையாளர் செடிக்குப் பேர் தெரியாமல் முழித்த கதையை ஆரம்பித்தாள். அதுதான் பேருந்து நிறுத்தத்தில் நடித்தது போலிருக்கிறது. இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அத மூடி வச்சிட்டு இங்க கவனிங்க" என்கிறாள்.